யார் கையில் எரிந்தது

மாப்பிள்ளை சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். அன்றைக்கு இருந்த களைப்பில் யாரும் எதுவும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அந்த மனுஷர் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"மாமா, வண்டியில ஒரு மஞ்ச விளக்கு எரியுது. இஞ்சின் படம் போட்டிருக்கே, அது. பாலம் இறங்கும்போது எரிஞ்சுது, அப்புறம் அணையவே இல்ல."

வேன்காரர் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தார். காலையிலிருந்து வீடு மாற்றுகிற வேலை. மாப்பிள்ளைக்கு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை. நடுராத்திரியே போக வேண்டும் என்று மகளும் அவருமாகக் கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்திருந்தார்கள். கட்டில், பீரோ, மெத்தை, அடுப்பு எல்லாம் வேனில்தான் போயின. பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகளை ஏற்றுகிற வேலை இல்லை என்பதால் வண்டியைக் கொடுத்திருந்தார். அரை மனசாகத்தான் கொடுத்தார். பின்சீட்டுகளைத் தானே கழற்றி வைத்தார். அரை டேங்க் பெட்ரோல் தானே போய்ப் போட்டு வந்தார். "இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க மாப்பிள்ளை" என்று சொன்னதையே திரும்பச் சொன்னார். கடைசியில் பெட்ரோல் மூடியின் சாவியை மட்டும் வளையத்திலிருந்து உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மற்றதைக் கொடுத்தார்.

அந்தச் சின்னச் சாவியை அவர் யாரிடமும் தருவதில்லை. பங்க்கில் போய் நின்றாலும் தானே இறங்கி, தானே திறந்து, மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்று, போட்டு முடிந்ததும் தானே மூடி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நகருவார். பங்க்காரர்கள் அவர் வண்டி வந்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்று கேலி செய்வார்கள். அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

"தானா எரிஞ்சுதா?" என்றார் வேன்காரர்.

"தானாத்தான் மாமா. நான் ஒண்ணும் பண்ணலை."

"இத்தனை வருஷம் என் கையில எரியாத விளக்கு, ஒரு நாள் உன் கைக்குப் போனதும் எரியுதுன்னா அது வண்டிக் கோளாறா, கைக் கோளாறா?"

மாப்பிள்ளையைப் பார்த்து 'உன்' என்று ஒரு சொல் அந்த வீட்டில் விழுந்தது அதுதான் முதல் தடவை. பரிமாறிக்கொண்டிருந்த வேன்காரர் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். சாமான் ஏற்ற ஒத்தாசைக்கு வந்திருந்த மச்சினனும் அவன் பெண்டாட்டியும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். மாப்பிள்ளை வந்து தன் தட்டின் முன் உட்கார்ந்தார். வேன்காரர் அதோடு விட்டிருக்கலாம்.

"மாவு பிசையற கைக்கு ஸ்டியரிங் எதுக்கு? பிசைஞ்சு வச்சுட்டு வந்து நிக்குது."

மச்சினனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. சிரிக்க ஆள் கிடைத்ததும் வேன்காரருக்கு வாய் இன்னும் நீண்டது.

"அடுத்தவன் பொருள்னா ஒரு பயம் வேணும். சொந்தமா ஒரு சைக்கிளாவது வாங்கிப் பார்த்திருந்தா தெரியும்."

மாப்பிள்ளை பிசைந்த சோற்றைத் தட்டில் ஓரமாக ஒதுக்கினார். எழுந்துபோய்க் கை கழுவினார். நிதானமாக, ரொட்டிக் கடையில் கழுவுவது போல முழங்கை வரைக்கும் கழுவினார். "வர்றேன் அத்தை" என்று மாமியாரிடம் மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மகள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூட வேன்காரருக்குச் சமாதானம் சொல்ல ஒரு வழி இருந்திருக்கும்.

"அப்பா, அவர் பாதிச் சாப்பாட்டுல எழுந்த வீட்டுல எனக்கும் சாப்பாடு வேண்டாம். இன்னைக்கு மட்டும் சொல்லலை."

"ஏய், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வண்டி என் பொழப்பு."

"அவர் என் பொழப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

*

அதன் பிறகு வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. மனைவி சோற்றை வைப்பாள், தண்ணீரை வைப்பாள், அவர் அழுக்குச் சட்டையை இரண்டு விரலால் தூக்கி வாளியில் போடுவாள்.

"சட்டையெல்லாம் பெட்ரோல் நாத்தம். இப்ப இல்ல, ரொம்ப நாளாவே."

"வண்டி ஓட்டறவன் சட்டையில மல்லிகைப்பூவா மணக்கும்?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. புழுக்கமான காலை, மழை வருவதுபோல் இருட்டி வந்து ஏமாற்றிக்கொண்டிருந்தது. பின்சீட்டு ஜன்னலோரம் உட்காருகிற குட்டிப் பெண் வண்டியில் ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவள் இதைப் புதிதாகச் செய்யவில்லை. அவர்தான் போன மாதம், "எவன்டா பையில முட்டை வச்சு அழுக விட்டிருக்கீங்க?" என்று எல்லாப் பையையும் திறக்கவைத்துப் பார்த்தவர். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் அந்த மஞ்சள் விளக்கு கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டிக்குப் புகைச் சோதனை வரப்போகிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சோதனையில் தேறாது. தேறாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றப் பள்ளிக்கூடம் விடாது. அது அவருக்குத் தெரியும். ஆனால் ராத்திரி படுத்தால் சோதனை நினைவுக்கு வரவில்லை. பாதியில் ஒதுக்கிய சோறுதான் கண்ணுக்குள் வந்து நின்றது. வந்தால் புரண்டு படுத்துக்கொண்டு, 'கோளாறு பண்ணினவனைக் கோளாறுன்னு சொல்லக் கூடாதா?' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். ஒர்க்ஷாப்பில் காட்டினால் தெரிந்துவிடும். மாப்பிள்ளை எங்கேயோ இடித்திருக்கிறார், எதையோ உடைத்திருக்கிறார். தெரிந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

வண்டியை ஒர்க்ஷாப்பில் விடப்போவதை மனைவிதான் மாப்பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் போனபோது மாப்பிள்ளை ஒர்க்ஷாப் வாசலில் முன்னமே நின்றிருந்தார். இரவு வேலை முடித்து நேராக வந்த கோலம். புருவத்தில் மாவு.

"என் கையில எரிஞ்சுது மாமா. என்னன்னு பார்க்கறப்போ நான் இருக்கணும் இல்ல?"

வேன்காரர் உம் என்று மட்டும் சொன்னார்.

*

ஒர்க்ஷாப்பை நடத்துகிறவள் ஒரு பெண். மெக்கானிக்கம்மா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். புருஷன் வேறு ஊரில் லாரி ஓட்டுகிறான். இங்கே இவள் ராஜ்ஜியம். வேன்காரர் வண்டி வாங்கிய நாளிலிருந்து இவளிடம்தான் விடுகிறார். காது வரை கிரீஸ் பூசிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டேதான் வேலை செய்வாள்.

"வாங்கண்ணே. என்ன, மாமனாரும் மருமகனும் ஜோடியா? பொண்ணு பார்க்கப் போற மாதிரி வந்திருக்கீங்க?"

"விளக்கு எரியுது. அன்னைக்கு மாப்பிள்ளை வண்டி எடுத்தப்போ வந்தது. பாரு" என்றார் வேன்காரர்.

அவள் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகிக் கையடக்கப் பெட்டியைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இஞ்சின்ல ஒண்ணும் இல்லண்ணே. ஆவி கசியுதாம்."

"ஆவியா?"

"பேய் இல்ல, பயப்படாதீங்க. பெட்ரோல் ஆவி. டேங்க்ல பெட்ரோல் சும்மா கிடந்தாலும் ஆவி கிளம்பிக்கிட்டே இருக்கும். அது வெளியில போனா ஊர்க் காத்துக்குக் கேடு. அதனால குழாய் வழியா ஒரு கரி டப்பாவுக்குப் போகும். கரி அதைப் பிடிச்சு வச்சுக்கும். வண்டி ஓடறப்போ இஞ்சின் அதை உறிஞ்சி எரிச்சுடும். நடுவுல எங்கேயோ ஓட்டை. அதான் விளக்கு."

"அப்ப இடிச்சதுல குழாய் உடைஞ்சிருக்கு" என்றார் வேன்காரர் மாப்பிள்ளையைப் பார்க்காமல்.

"இருக்கலாம். மூடி சரியா இருக்கா? முதல்ல அதைத்தான் பார்க்கணும். சாவியைக் குடுங்க."

"மூடியா? அதை நான்தானே மூடறேன். வேற எவன் கையும் அதுல பட்டதில்ல. நீ மத்ததைப் பாரு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் மெக்கானிக்கம்மா விட்டிருக்க மாட்டாள். இவர் மூடியை மூடும் அழகு அவளுக்கும் தெரியும். சரி என்று வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள்.

கரி டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். ஒரு வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாள். வெயில் ஏறிவிட்டது. தகரக் கூரை அனலைக் கீழே தள்ளியது. மாப்பிள்ளை சும்மா நிற்கவில்லை. அவள் கேட்பதற்கு முன்னாலேயே ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார், விளக்கைப் பிடித்தார். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்ற கால். நடுவில் ஒரு தரம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். வேன்காரர் பழைய டயர் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்தார். உட்காரச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

"உடைசல் ஒண்ணும் இல்லண்ணே" என்றது வண்டிக்கடியில் இருந்து குரல். "அடி பட்ட தடமே இல்ல. ஆமா, இது அன்னைக்கு ஒரு நாள்ல வந்ததுன்னு யார் சொன்னது?"

"அன்னைக்குத்தானே எரிஞ்சுது."

"எரிஞ்சது அன்னைக்கு. விளக்கு எடுத்த எடுப்புலயே எரியாதுண்ணே. வண்டி ஒரு நாள் எல்லா வழியையும் அடைச்சுப் பார்க்கும். கசிஞ்சா மனசுல வச்சுக்கும், வெளியில சொல்லாது. இன்னொரு நாள் திரும்பப் பார்க்கும். அப்பவும் கசிஞ்சாத்தான் விளக்கைப் போடும். பொறுமையான பொம்பளை மாதிரி. முதல் தடவை நீங்க ஓட்டறப்போதான் பார்த்திருக்கும். அப்புறம் யார் கையில எரியுதோ அவங்க பாவம்."

வேன்காரர் டயரில் இருந்து எழுந்தார்.

அப்போதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையம் வெடித்துவிட்டது. கடையில் வளையம் தனியாகத் தரமாட்டேன், மூடியோடுதான் வாங்க வேண்டும் என்றான். ஒரு ரப்பருக்காக முழு மூடியா என்று வீட்டுக்கு வந்தார். மனைவி குக்கருக்குப் புது ரப்பர் போட்டுவிட்டுப் பழையதை ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தாள். தடிமன் கச்சிதம். வெட்டினார், வளைத்தார், இரண்டு நுனியையும் பசை போட்டு ஒட்டினார், மூடிக்குள் அழுத்தினார். கனகச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளங்கையால் தட்டிவிட்டு, 'நம்ம கையைப் போல வருமா' என்று நினைத்துக்கொண்டார். அதோடு மறந்தும் போனார்.

"ஒரு டீ குடிச்சுட்டு வாங்க ரெண்டு பேரும்" என்றார் வேன்காரர் அவசரமாக. "நான் பார்த்துக்கறேன்."

"என்னத்தைப் பார்த்துப்பீங்க? புகை விட்டுப் பார்த்துடலாம், இருங்க." மெக்கானிக்கம்மா ஷட்டரைப் பாதி இறக்கினாள். "காத்து அடிச்சா புகை தெரியாது. தம்பி, அந்த மிஷினைத் தள்ளிட்டு வாங்க."

கரி டப்பாவுக்குப் போகிற குழாயில் மிஷினின் குழாயைச் செருகினாள். வெள்ளைப் புகை சத்தமில்லாமல் உள்ளே போனது. ஒர்க்ஷாப் இருட்டாக, அசையாமல் இருந்தது. வேன்காரர் மெல்ல நடந்து வண்டியின் பின்பக்கம் போய், பெட்ரோல் மூடி இருக்கிற இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கால்தான் போனது. சட்டைப் பைக்குள் அந்தச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"கீழே எங்கேயும் வரலையே" என்றாள் அவள் டார்ச்சை அடித்து. பிறகு நிமிர்ந்தாள். அப்படியே நின்றாள்.

"அண்ணே, உங்க முதுகுல இருந்து புகை வருது."

வேன்காரரின் இரண்டு தோள்களுக்கும் மேலே வெள்ளைப் புகை சோம்பலாக எழும்பிக்கொண்டிருந்தது.

நகர்ந்தார். வேறு வழியில்லை. சாவியையும் அவரே கொடுத்தார். மூடியைத் திறந்ததும் குப்பென்று புகை முகத்தில் அடித்தது. மெக்கானிக்கம்மா உள்ளே விரலை விட்டு அந்த வளையத்தை உருவினாள். பெட்ரோலில் ஊறி, உப்பி, நெளிந்து, ஒட்டுப் பிரிந்து கிடந்தது.

"அடப்பாவி, இது என்ன ரப்பர்? குக்கர் ரப்பரா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்த மகராசன் பார்த்த வேலைண்ணே இது? பெட்ரோல் பட்டா இது பணியாரம் மாதிரி உப்பிப் போகுமே!"

"பங்க்ல எவனாவது மாத்தியிருப்பான்" என்றார் வேன்காரர்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வேறு எவன் கையும் மூடியில் பட்டதில்லை என்று காலையில் சொன்னதும் அதே வாய்தான். மெக்கானிக்கம்மா சிரிப்பை நிறுத்திக்கொண்டு துணியில் கையைத் துடைக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை அந்த வளையத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மாவு பதம் பார்க்கிற மாதிரி விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு மாமனாரை நிமிர்ந்து பார்க்காமல் அவர் கையில் கொடுத்தார்.

"கிடைச்சுடுச்சே மாமா. அது போதும்."

அவர் திட்டியிருக்கலாம். சிரித்திருக்கலாம். 'யார் கைக் கோளாறு?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர் கேட்டுவிட்டால் போதும் என்று வேன்காரருக்கு இருந்தது. மாப்பிள்ளை மிஷினைத் தள்ளிக்கொண்டுபோய் மூலையில் விட்டார்.

புது மூடி வந்தது. மறுபடி புகை விட்டார்கள், எங்கேயும் வரவில்லை. மெக்கானிக்கம்மா பெட்டியைச் செருகி விளக்கை அணைத்தாள்.

"அணைச்சது நான். சரியாயிடுச்சுன்னு வண்டி தானா நம்பணும். நாலு நாள் ஓட்டினாத்தான் நம்பும். அதுக்கப்புறம் சோதனைக்குப் போங்க."

*

சாயங்காலம் சமாதானச் சாப்பாட்டுக்கு மனைவி இரண்டு பேரையும் வரச்சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை முதலில் வந்தார், மகள் அவருக்குப் பின்னால் வந்தாள். அவள் வாசலிலேயே நின்றாள். ஒரு நியாயம் தெரியாமல் உள்ளே கால் வைப்பதில்லை என்கிற நிற்பு.

"என்னதான் ஆச்சு வண்டிக்கு?" என்றாள் வேன்காரர் மனைவி. "யாராவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

வேன்காரர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

"மெத்தையை ஏத்தறப்போ இடிச்சு ஒரு குழாய் கழண்டிருக்கு அத்தை. என் தப்புதான். மாமா சொன்னது சரிதான்."

"அட, இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க?" மாமியாருக்கு நிம்மதி. தட்டுகளை எடுத்துப் போட ஆரம்பித்தாள். "வாங்க, உட்காருங்க. ஆறிடப் போகுது."

மகள் புருஷனைப் பார்த்தாள். அவர் தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலை மெல்லக் குனிந்தது. வேன்காரர் அந்தத் தலை குனிவதைப் பார்த்தார். சின்ன வயதில் பரீட்சையில் தோற்று வந்தபோதுகூட இப்படிக் குனிந்த பிள்ளை இல்லை.

அவள் உள்ளே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான்ப்பா அன்னைக்குத் தெரியாம பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

மனைவி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். மாப்பிள்ளை தட்டில் ஒரு முட்டை அதிகமாக வைத்தாள். எல்லாம் ஒரு நல்ல வீட்டில் நடப்பது போலவே நடந்தது. விட்டால் அப்படியே நடந்து முடிந்துவிடும். நாளைக்கு மச்சினனுக்குப் போய்ச் சேரும், அவன் இன்னொரு தரம் சிரிப்பான், 'மாவு பிசையற கை' என்பது அந்த மனுஷருக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொள்ளும். வேன்காரர் ஒரு வாய் எடுத்தார். கையில் பெட்ரோல் வாடை. சோப்புப் போட்டுக் கழுவியதுதான். சோற்றோடு சேர்ந்து வாய்க்குள் போனது. விழுங்க முடியவில்லை.

இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். எடுத்ததை மனைவியின் பக்கமாக, குழம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ச்சீ, சாப்பிடற இடத்துல என்ன இது, நாத்தம்..." மனைவி குனிந்து பார்த்தாள். விரலால் புரட்டினாள். "இது என் குக்கர் ரப்பர் மாதிரி இருக்கே. ஜன்னல்ல மாட்டியிருந்தேன். காணோம்னு இவளைத்தானே திட்டினேன், கண்டதையும் தூக்கிப் போடறான்னு."

"அதுதான்" என்றார் வேன்காரர். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான்தான் வெட்டி மூடியில போட்டேன். மழைக்கு முன்னாடியே. குழாயும் கழலலை, ஒண்ணும் கழலலை. மாப்பிள்ளை பொய் சொல்றாரு."

மகள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். இந்தத் தடவை அவர்தான் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"ஒர்க்ஷாப்ல வச்சும் பங்க்காரன் மேல போட்டேன்" என்றார் வேன்காரர். அதையும் சொல்லாவிட்டால் சொன்னதாகவே ஆகாது என்று தோன்றியது.

சோற்றை ஓரமாக ஒதுக்கினார். கை ஊன்றி எழுந்தார். கை கழுவப் போய்விட்டால், விளக்கைப் போடாமல் கும்மிருட்டாக இருக்கும் அந்தப் பின்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுகொள்ளலாம் என்று இருந்தது.

"மாமா" என்றார் மாப்பிள்ளை. "உட்காருங்க. இந்த வீட்டுல ஆளாளுக்குப் பாதியில எழுந்தா அத்தை எதுக்கு ஆக்கறாங்க?"

மகளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் மூக்கில் ஒரு சத்தம் வந்தது. மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள். கொஞ்சம் பலமாகவே போட்டாள்.

வேன்காரர் உட்கார்ந்தார்.

"நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை சாப்பிட்டார். பசி, வேலை முடிந்து ஒர்க்ஷாப்பில் நின்றுவிட்டு, தூங்காமல் வந்த பசி. தட்டை வழித்துச் சாப்பிட்டார். வேன்காரர் தலையைத் தூக்கவில்லை. அந்தக் கையாலேயே பிசைந்து, அந்த வாடையோடேயே, தட்டில் இருந்தது முழுவதையும் மெல்ல மெல்லச் சாப்பிட்டு முடித்தார். வளையத்தை யாரும் எடுத்துப் போடவில்லை. குழம்புப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், உப்பிய வாக்கில், அது அப்படியே கிடந்தது.